ஒட்டகச்சிவிங்கி மார்க் கோலிப்பெட்டி

ஜூலை 29, செவ்வாய்

அவன் வந்துவிட்டான். நான் தேடிப் போகவில்லை. அவனாகவே, பேன்ட் மடிப்புக் கலையாமல், மடியில் ஒரு கோலிப்பெட்டியை வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான். சாமி இருக்கிறது. இனி செவ்வாய்க்கிழமை விளக்கை இன்னும் சிரத்தையாகப் போட வேண்டும்.

முறையாக எழுதுகிறேன். காலையில் மிக்ஸி ரிப்பேர். கடையில் வாங்கிய மாவு புளித்துக் கிடந்தது. என் கணவர் குற்றாலலிங்கம், சுருக்கமாகக் குற்றாலத்தார், ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு ஸ்கூட்டரில் என்னை வண்ணார்பேட்டையில் இறக்கிவிட்டார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காதுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை, நான் இருக்கிறேன்.

சவரிராயன் அண்ணாச்சியின் பழம்பொருள் கடையில் வாரத்தில் சில நாள் நான்தான் மதிப்பாளர். பழைய பொம்மை, தகர மோட்டார், பம்பரம், கோலி எது வந்தாலும் அசலா, போலியா, என்ன பெறும் என்று சொல்ல வேண்டும். அப்பா திருநெல்வேலி டவுனில் பொம்மை மொத்த வியாபாரம் செய்தவர். மற்றப் பெண்கள் கோலம் பழகிய வயதில் நான் கோலி ரகம் பிரித்தேன்.

வந்தவன் பெயரைச் சொன்னான். "ஆவுடையப்பன். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டையர்டு." சொல்லிவிட்டு முழங்கால் பக்கம் பேன்ட்டைச் சற்றே தூக்கிவிட்டு உட்கார்ந்தான். அந்தத் தூக்கலில்தான் கண்டுபிடித்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூடத்திலும் இப்படித்தான் தூக்கிவிட்டு உட்கார்ந்தான். என்னைப் பெண் பார்க்க.

அன்றைக்கு அவன் கேட்டான்: "பாடத் தெரியுமா?" நான் சொன்னேன்: "கொஞ்சம் தெரியும். உங்களுக்கு?" கூடமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜியை மட்டும் தட்டு காலியாகும் வரை தின்றான். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகப் போனார்கள். தரகர் வழியாகப் பதில் வந்தது. "பிள்ளை லட்சணமாத்தான் இருக்கு. பேச்சுதான் கூடிப்போச்சு." இந்த வாக்கியம் டவுனின் ரத வீதி நான்கையும் சுற்றியது. தேராவது வருஷத்துக்கு ஒரு தடவைதான் சுற்றும்.

அடுத்து ஒரு வீட்டார் வந்தபோது அம்மா என் வாயில் பெரிய கல்கண்டாகப் பார்த்து ஒன்றைப் போட்டு, "இது கரையற வரைக்கும் வாயத் தெறக்கப்படாது" என்று அனுப்பினாள். அந்த மாப்பிள்ளைதான் குற்றாலத்தார். அடக்கமான பிள்ளை என்று அன்றே சம்மதம் சொல்லிவிட்டார். கல்கண்டு கல்யாணத்துக்குப் பிறகுதான் கரைந்தது.

இன்றைக்கு அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாதது நல்லதுதான். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. (எழுத்தில் அவன். நேரில் 'சார்'. நான் நாகரிகம் தெரிந்தவள்.)

"பெட்டிய மேஜையில வையுங்க சார். கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமா. இடதுபக்கம் திருப்புங்க. இப்ப வலது. பூர்வீகம் எது?"

"கொழும்பு. எங்கப்பா அங்க கடை வச்சிருந்தாக."

"இதுக்கு முன்னாடி வேற யாரும் வந்து பார்த்தாங்களா?"

"பார்க்கலம்மா. நீங்கதான் முதல்."

"பார்த்திருந்தாலும் சொல்லிருங்க. பின்னால தெரிஞ்சா நல்லாருக்காது."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் பெட்டியைத் திருப்ப வைத்தேன். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்: "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்."

நான் ஒருத்திதான் மதிப்பாளர். யாரோடு கலப்பேன் என்று அவன் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

மிக்ஸி சரியாகவில்லை. மனசு சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வரச்சொல்லி அனுப்பினேன், வந்தான். இன்று முறையாகப் பார்த்தேன்.

எரிச்சலாக இருக்கிறது. பெட்டி அசல். அசல் என்றால் அப்படி ஓர் அசல். ஜப்பானில் செய்தது. மூடியில் ஓர் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக் கோலி ஒன்றை மோந்து பார்க்கிறது. சிவப்பும் மஞ்சளும் வெயில் படாமல் அப்படியே இருக்கின்றன. நடுவில் கண்ணாடித்தாள் ஜன்னல். அதற்குள் பூனைக்கண் கோலிகள் வரிசையாக. மூடியையும் அடிப்பெட்டியையும் சேர்த்து ஒட்டிய காகிதச் சீல் கிழியவில்லை. ஓரத்தில் கொழும்புக் கடையின் விலைச்சீட்டு, சதத்தில்.

போலிக்காரர்கள் பழைய கோலியைப் புதுப் பெட்டியில் போட்டு டீத்தண்ணீர் தெளித்துப் பழையதாக்குவார்கள். அதில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைக் குத்துவார்கள். ஆனால் பின்னின் துரு அடிக்காகிதத்தில் இறங்கியிருக்காது. இதில் இறங்கியிருந்தது. லென்ஸ் வைத்தேன், ஊதா டார்ச் அடித்தேன், மோந்துகூடப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கியும் நானும் எதிரெதிரே மோந்துகொண்டிருந்தோம். ஒரு குற்றம் கிடைக்கவில்லை.

"இத்தனை வருஷம் ஒரு தடவைகூடவா பிரிக்கல?"

"எனக்குன்னுதான் கொண்டாந்தாக. பிரிச்சா தொலைச்சிருவேன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. பரீட்சையில முதல் ரேங்க் எடுத்தா தாரேன்னாக."

"எடுக்கலையா?"

"எப்பவும் ரெண்டாவதுதான்."

ஒரு விநாடி பாவமாக இருந்தது. பிறகு பஜ்ஜியை நினைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

எதற்கு இப்போது மதிப்பு என்று கேட்டேன். அவனுக்கு ஒரே மகள், தாரிணி. தென்காசியில் சிவசைலம் என்று ஒருவர் வீட்டில் பேசியிருக்கிறார்கள். சிவசைலம் பழைய விளையாட்டுச் சாமான் சேர்க்கும் பைத்தியம், தனி அறையே வைத்திருக்கிறாராம். "நாங்க நகை, சீர் ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, "அந்தக் கோலிப்பெட்டி மட்டும் எங்க வீட்டுக்கு வந்தா போதும். மதிப்புச் சீட்டு ஒண்ணும் வாங்கிருங்க" என்றிருக்கிறார்.

"இதுக்கு முன்னாடி பிள்ளைய யாரும் வந்து பார்த்தாங்களா சார்?"

குனிந்துகொண்டான். "நாலஞ்சு பேரு. அவ கொஞ்சம் பேசுவா."

ஆகா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் கிண்டிக்கொண்டு தாமிரபரணிக் கரையில் போய்ச் சாப்பிட்டோம். புளிச்சாதத்தில் உப்பு தூக்கல். குற்றாலத்தாரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். சீட்டில் "போலி" என்று இரண்டே எழுத்து. தென்காசி சம்பந்தம் அறுந்துவிடும். கதை முடிந்தது.

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். "பெட்டி அசல்தான?"

"அசல்தான்."

"அண்ணாச்சி கடை முத்திரைதான சீட்டுல விழும்?"

"ஆமா."

"சரி. எழுது."

இந்த மனிதரிடம் இதுதான் கஷ்டம். எதிர்த்துப் பேசினால் நான் ஜெயித்துவிடுவேன். சரி என்கிறார்.

பொய் எழுத முடியாது. என் கண் மேல் இந்த ஊரில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. வாயின் மேல்தான் இல்லை. வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வழி கிடைத்தது, இன்றே நடத்தியும் பார்த்தேன். எப்படி முடிந்தது என்பதை மட்டும் கேட்கக்கூடாது. சரி, என் டைரிதானே, எழுதித் தொலைக்கிறேன்.

இந்த மாதிரிப் பெட்டியில் கோலிக்கு விலை சொற்பம். பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை. சீல் கிழிந்த நொடியில் முக்கால்வாசி மதிப்பு ஆவியாகிவிடும். அப்படியென்றால் பழிவாங்குவதற்கு நான் பொய் எழுதவே வேண்டாம். அவன் கையாலேயே சீலைக் கிழிக்க வைத்தால் போதும்.

"மேல்தட்டுக் கோலி ஜன்னல்ல தெரியுது சார். அடித்தட்டுல என்ன இருக்குன்னு தெரியணுமே. பிரிச்சுப் பார்த்தாத்தான் முடிவு சொல்ல முடியும்."

"பிரிச்சா மதிப்புக் குறையும்னு சிவசைலம் சொன்னாரே."

"அவரு வாங்குற ஆளு. அப்படித்தான் சொல்லுவாரு."

நீளமாக யோசித்தான். பிறகு ஆச்சரியமாக அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பிரிக்கணும்னா பிரிச்சிருவோம். ஒண்ணே ஒண்ண எடுத்து உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டு உள்ள வச்சிரலாம்ல?" என்று கேட்டான். அண்ணாச்சியிடம் பிளேடு வாங்கினான். பெட்டியை நெஞ்சோடு அணைத்து, சீலின் ஓரத்தில் பிளேடை வைத்தான். கை நடுங்கியது. அரைக்கிழவன் ஒருவன், ரெண்டாவது ரேங்க் எடுத்த பையன் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

ஏன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆடி மாசம். சீல் பிரிக்கக் கூடாது."

"ஆமா, ஆமா" என்று உடனே பிளேடை வைத்துவிட்டான். பேங்க் மேனேஜராக இருந்தவன்.

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் தடுத்தது அந்தச் சீலுக்காக. அப்படி ஒரு சீலை இனி பார்க்கவே முடியாது. அவன் கை நடுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடித்தட்டை ஜன்னல் வழியாகச் சாய்வாக டார்ச் அடித்தே பார்த்துக்கொள்ளலாம். அதையும் பார்த்துவிட்டேன். அசல்.

ஆகஸ்ட் 6, புதன்

மிக்ஸிக்காரன் மோட்டார் போய்விட்டது என்கிறான். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

சீட்டில் ஒட்டப் படம் எடுக்க வேண்டும், பெட்டியைக் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். மகள் கொண்டுவந்தாள். துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு. பார்த்ததும் ஓடிப்போய்க் கொக்கியிலிருந்து பையைக் கழற்றினேன்.

"இப்படியாம்மா கொண்டு வருவ? இது என்ன பெறும்னு தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி. என்னைய விடக் கூட. என்னையப் பார்க்க வாரவங்க இதத்தான் முதல்ல கேக்காங்க."

நல்ல வாய். எனக்குப் பிடித்துவிட்டது. படம் எடுக்கும்போது தென்காசிப் பையனைப் பற்றி விசாரித்தேன். விசாரிக்காமல் இருக்க நான் என்ன கல்லா.

"பையன் எப்படி?"

"போன்ல பேசினான். நான் பேசுறத முழுசா கேட்டுட்டு, 'இவ்வளவு பேச மாட்டேல்ல, கல்யாணத்துக்கு அப்புறம்?'னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"வச்சிட்டேன். அப்பாகிட்ட வேண்டாம்னு சொன்னேன். 'எத்தன பேரத்தான் வேண்டாம்னு சொல்லுவ, இந்தத் தடவ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு'ன்னாரு. சும்மாத்தான் இருக்கேன்."

பிறகு அவளாகவே பெட்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். பொறுப்பான பிள்ளை, வீட்டுப் பொருளின் அருமையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். எதனால் மதிப்பு, எதனால் குறையும் என்றெல்லாம் கேட்டாள். நானும் என் வாடிக்கைப்படி விளக்கினேன். கோலியில் கீறல் விழுந்தால்கூடப் போகிறது, பெட்டியில் எதுவும் படக்கூடாது. ஈரக்கை படக்கூடாது. வெயில் படக்கூடாது.

"கறை பட்டா துடைச்சிரலாம்ல ஆன்ட்டி?"

"தூசின்னா துடைக்கலாம். எண்ணெய், மை, மஞ்சள் இதெல்லாம் அட்டையில இறங்கிட்டா போகவே போகாது. அதுக்கப்புறம் அது பெட்டியில்ல, வெறும் அட்டை."

"ஓ" என்றாள். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு அக்கறை அபூர்வம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சீட்டைக் கொடுத்துவிட்டேன். உண்மையான மதிப்பு. ஒரு சுழி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையெழுத்துப் போடும்போது பேனா முனையை அழுத்தியதில் அடுத்த தாளிலும் பதிந்துவிட்டது.

ஆக, முப்பது வருஷம் காத்திருந்து நான் செய்த பழிவாங்கல் இவ்வளவுதான்: ஓர் ஆளை ஒரு மணி நேரம் பெட்டி திருப்ப வைத்தது. என் மாதிரி வில்லியை நம்பி எந்தக் கதையும் எடுக்க முடியாது.

அவன் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு சொன்னான்: "அம்மா, இருபத்துநாலாந் தேதி ஞாயித்துக்கிழம தென்காசிக்காரங்க வாராங்க. அன்னைக்கே தாம்பாளத்துல வச்சுப் பெட்டியக் குடுக்கப் போறோம். சிவசைலம் ஏதும் சந்தேகம் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்களும் உங்க வீட்டு சாரும் வந்து, ரெண்டு வார்த்த பேசணும். நீங்க நல்லாப் பேசுதீங்க."

திருப்பிச் சொல்லச் சொன்னேன். காது மந்தம் என்று சாக்குச் சொன்னேன்.

"நல்லாப் பேசுதீங்கம்மா" என்றான் மறுபடியும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புது மிக்ஸி வந்தாயிற்று. ஆவணியும் பிறந்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சேலை கட்டலாம் என்று பார்த்தேன். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தபோது கட்டியிருந்த பச்சைச் சேலை எங்கே போனதோ, ஞாபகமே இல்லை. மூன்றாவது தட்டில், கல்யாணப் பட்டுக்கு அடியில், மெல்லிய வெள்ளைத்துணியில் சுற்றி இருக்கும். எடுத்துப் பார்த்தேன். ஜாக்கெட்டை மட்டும் மாற்ற வேண்டும். என் உடம்பும் தன் அசல் பேக்கிங்கில் இல்லை.

"இதையா கட்டப்போற?" என்றார் குற்றாலத்தார்.

"பழசு வீணாப் போகுதேன்னு."

"ம்" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதை மெதுவாக எழுத வேண்டும். ருசித்து.

காலையில் போனோம். பச்சைச் சேலை. அவன் வாசலில் வந்து கும்பிட்டான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். எனக்கு ஒரு துடிப்பு ஏறியது. "சேலை நல்லாருக்கும்மா, கோஆப்டெக்ஸா?" என்றான். அவ்வளவுதான்.

தென்காசிக்காரர்கள் இன்னும் வரவில்லை. கூடத்தில் தாம்பாளங்கள் அடுக்கியிருந்தார்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, கல்கண்டு, ஒன்றில் பட்டுத்துணி விரித்து அதன்மேல் ஒட்டகச்சிவிங்கி. என்னை அதற்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். காவலுக்கு மாதிரி.

அவன் மனைவி சங்கரவடிவு நல்ல மனுஷி. ஓடியாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெரியம்மை ஒருத்தி தாம்பாளங்களைப் பார்த்துக்கொண்டே வந்து பெட்டியிடம் நின்றாள்.

"என்னட்டி வடிவு, இது மொட்டையாக் கெடக்கு?"

"என்ன பெரியம்மா?"

"முதமுதல்ல சம்பந்தி வீட்டுக்குப் போற சாமான். நாலு மூலையும் வெறிச்சுன்னு இருக்கு. கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கோம், புதுத் துணிக்கு வைக்கோம், இதுக்கு வைக்க வேண்டாமா?"

"அட ஆமா" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள் சங்கரவடிவு. "தாரிணி, அந்த மஞ்சள் எங்கட்டி?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உள்ளேயிருந்து சொல் புறப்பட்டுப் பல்வரை வந்துவிட்டது.

அடுக்களையிலிருந்து தாரிணி வந்தாள். கையில் கிண்ணம். மஞ்சள் ஏற்கெனவே குழைத்திருந்தது, நல்ல கெட்டியாக. அம்மா கேட்பதற்கு முன்பே குழைத்து வைத்திருக்கிறாள். கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

சங்கரவடிவு மோதிர விரலால் மஞ்சளைத் தொட்டாள். முதல் மூலை. அட்டை குடிப்பது எனக்குக் கேட்டது. இரண்டாவது மூலை, கொழும்பு விலைச்சீட்டின் மேல். என் கை சேலை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது. எனக்குள் இருக்கும் மதிப்பாளர் அலறினாள், அவளை உட்காரச் சொன்னேன். நான்காவது, சரியாகச் சீலின் மேல். போதாதென்று ஒரு குங்குமப் பொட்டை எடுத்து, இடம் தேடி, ஒட்டகச்சிவிங்கியின் நெற்றியில் வைத்தாள். "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றாள் பெரியம்மை.

பக்கத்தில் குற்றாலத்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் நான் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்து அவர் பார்த்தது அந்தக் கல்கண்டு நாளில்தான்.

தென்காசிக் கூட்டம் வந்தது. பையன் போனைப் பார்த்துக்கொண்டே நுழைந்தான். சிவசைலம் பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார். பெண்ணைப் பார்க்க அல்ல, பெட்டியைப் பார்க்க. தாம்பாளத்தின் முன் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"இது... யாரு செஞ்சது?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் சங்கரவடிவு பெருமையோடு. "நாலு மூலையிலயும் வச்சிருக்கேன்."

சிவசைலம் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனவர் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. பிறகு என்னைத் தேடினார். "நீங்கதான மதிப்பாளர்? இப்ப இது என்ன பெறும்?"

உண்மையைத்தான் சொன்னேன். "பெட்டி போச்சுங்க. கோலி அப்படியே நல்லாத்தான் இருக்கு."

"கோலி யாருக்கு வேணும்?" என்றார். "அது தெருக்கடையில கெடைக்கும்."

ஆவுடையப்பன் ஒன்றும் புரியாமல் மனைவியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்ததும் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான். சிவசைலம் துண்டைத் தோளில் போட்டார். "சரி. நாங்க ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டு..."

"அதெல்லாம் வேண்டாம் மாமா" என்றாள் தாரிணி. தெளிவான குரல். "கேசரி ஆறுது. சாப்பிட்டுட்டே கிளம்புங்க."

பையன் முதல்தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

அவர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள். நாங்கள் சாப்பிட்டோம். முந்திரி தாராளம். கிளம்பும்போது ஆவுடையப்பன் வாசல் வரை வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்க பக்கத்துலயேதான இருந்தீங்கம்மா. வடிவு வைக்கும்போது பார்த்துட்டுதான இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்.

"எனக்குப் பேச்சு கம்மி சார்."

குற்றாலத்தாருக்கு இருமல் வந்துவிட்டது. வாயில் இன்னும் கேசரி இருந்திருக்கிறது. ஸ்கூட்டர் வரைக்கும் முதுகைத் தட்டிக்கொண்டே போனேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். விசேஷம் ஒன்றும் இல்லை. புது மிக்ஸியில் தேங்காய்த் துவையல்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மறுபடியும் வந்தான், பெட்டியோடு. சீட்டை மாற்றி எழுத வேண்டுமாம். மஞ்சள் இப்போது நன்றாக இறங்கிக் காய்ந்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதினேன். மதிப்பு, முன்பு போட்டதில் ஒரு மூலைகூட இல்லை.

"தென்காசியில போன எடுக்கல" என்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். "தாரிணி மூணு நாளா வீட்டுல சிரிச்சிக்கிட்டே திரியுதா. என்ன விஷயம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. நீங்க எந்த ஊரும்மா?"

"டவுன்தான்."

அவன் முகம் விரிந்தது. "டவுன்ல ஒரு வீட்டுக்கு நான் பொண்ணு பார்க்கப் போயிருக்கேன். அந்தக் காலத்துல. அத ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பேன். பாடத் தெரியுமான்னு கேட்டா, 'உங்களுக்கு?'ன்னு கேட்டுச்சு அந்தப் பிள்ள. அன்னைக்கு நம்ம தாரிணி கேசரி சாப்பிட்டுப் போங்கன்னப்ப, அத்தன கஷ்டத்துலயும் எனக்கு அந்தப் பிள்ள நெனப்புதான் வந்துச்சு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"முகம் ஞாபகமில்ல. வாய் மட்டும் ஞாபகமிருக்கு" என்று சிரித்தான். "அதக் கட்டுன மகராசன் என்ன பாடு படுதானோ."

முப்பது வருஷமாகச் சமையலறையில், பஸ்ஸில், குளியலறையில், இந்த ஆளுக்கென்று நான் பேசிப் பேசிப் பழகி வைத்திருந்த பதில்கள் எத்தனையோ உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியதில் வாசலில் முட்டி நின்றுவிட்டன. கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னைக் கூட்டிப்போக வந்த ஸ்கூட்டர் நின்றது.

"அந்தா நிக்காரு. நீங்களே கேட்டுக்கிடுங்க."

அவன் திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி ஸ்கூட்டரை. குங்குமப் பொட்டு வைத்த ஒட்டகச்சிவிங்கியின் முகம்கூட அப்போது அவன் முகத்தைவிட அறிவாக இருந்தது. எழுந்தான், பேன்ட்டை இழுத்துவிட்டான், வெளியே போனான்.

நேராகக் குற்றாலத்தாரிடம் போனான். ஏதோ கேட்டான். குற்றாலத்தார் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏதோ சொன்னார். அவன் ஏதோ சொன்னான். குற்றாலத்தார் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இவ்வளவு வார்த்தை அவரிடம் இருப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவை அண்ணாச்சி ஏசிக்காக இறுக மூடி வைத்திருந்ததால் ஓர் எழுத்து கேட்கவில்லை. கடைசியில் இருவரும் சிரித்தார்கள். குற்றாலத்தார் அவன் தோளில் கைகூட வைத்தார். அண்ணாச்சி ஓடிப்போய்ப் பெட்டியைக் கொடுத்தார், அவன் மறந்தே போயிருந்தான். போகும்போது கடைப்பக்கம் திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டான். அது மன்னிப்பா, அனுதாபமா, யாருக்கு அனுதாபம், ஒன்றும் விளங்கவில்லை.

வரும் வழியெல்லாம் கேட்டேன். முருகன்குறிச்சி சிக்னலில் கேட்டேன். பால் வாங்கும்போது கேட்டேன். வீட்டுக்கு வந்து அவர் சாவியை ஆணியில் மாட்டும்போதும் கேட்டேன்.

"அவர்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

குற்றாலத்தார் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். ஃபேனைப் போட்டார். ஈசிச்சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எனக்குப் பேச்சு கம்மி தாயி."

நாளைக்குச் சுண்டைக்காய்க் குழம்பு வைக்கப் போகிறேன். அவருக்கு அறவே ஆகாது. நாளை மறுநாளும் அதேதான்.